சிவப்பும் நீலமும் முதன்மை நிறங்கள் அல்ல

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள். வேறு எதைக் கலந்தும் இவற்றைப் பெற முடியாது. இவற்றைக் கலந்தால் மற்ற எல்லா நிறங்களும் கிடைக்கும். ஓவிய வகுப்பில் முதல் நாளே சொல்லித்தரப்படும் இந்தப் பாடம் இரண்டு பக்கமும் தவறு. மெஜந்தாவோடு (ஊதா சாய்ந்த இளஞ்சிவப்பு) மஞ்சள் சேர்த்தால் நல்ல சிவப்பு வருகிறது. சயானோடு (பச்சை சாய்ந்த நீலம்) மெஜந்தா சேர்த்தால் அடர்நீலம் வருகிறது. ஆனால் சிவப்போடு எதைச் சேர்த்தாலும் பளிச்சென்ற மெஜந்தா வராது. அடர்நீலத்தில் எவ்வளவு வெள்ளை விட்டாலும் சயான் ஆகாது. இதற்குச் சான்று அந்தப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாலு கலர் ஆஃப்செட்டில் அச்சான வண்ணச் சக்கரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: ‘கலந்து பெற முடியாதது’ என்று போட்டிருக்கும் சிவப்பே, மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டானதாக இருக்கும். சிவகாசி அச்சகங்களுக்கு அன்றாடம் தெரிந்த உண்மை, வகுப்பறைக்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை.

நிறமி தன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு நிறமிகளைக் கலக்கும்போது, இரண்டுமே விழுங்காமல் விட்டதுதான் கண்ணுக்கு வந்து சேரும். காட்மியம் சிவப்பு பச்சை ஒளியையும் நீல ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடும். அல்ட்ராமரின் நீலம் சிவப்பையும் பச்சையையும் பெருமளவு விழுங்கும். இரண்டையும் குழைத்தால் தப்பிப் பிழைக்கும் ஒளி சொற்பம். கத்திரிப்பூ நிறத்தை எதிர்பார்த்த பிள்ளைக்குக் கிடைப்பது சேறு படிந்த பழுப்பு. மெஜந்தா முக்கியமாகப் பச்சையையும் சயான் முக்கியமாகச் சிவப்பையும் மட்டுமே எடுத்துக்கொள்வதால், அவை சேரும்போது நீல ஒளி பிழைத்து நிற்கிறது. ஒளிகளைக் கலப்பதும் சாயங்களைக் கலப்பதும் வேறு வேறு என்று விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852லேயே விளக்கிவிட்டார். அதன் பிறகும் பழைய பாடத்தையே நடத்தி, கலவை மங்கிப்போனால் கை சரியில்லை, தூரிகையைச் சரியாகக் கழுவவில்லை என்று பிள்ளையைக் குறைசொல்வது அநியாயம்.

பழைய மேதைகள் எல்லாம் இந்த மூன்றை வைத்துத்தானே வரைந்தார்கள் என்று கேட்பார்கள். இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் பச்சைக்கும் காவிக்கும் தனித்தனி நிறமிகளை வாங்கினார்கள். ஊதா வேண்டும்போது நீலத்தின்மேல் கருஞ்சிவப்பு அரக்குச் சாயத்தை மெல்லிய படலமாகப் பூசினார்கள். மூன்று நிறக் கொள்கையை முதலில் அச்சில் நடத்திக்காட்டிய லெ ப்ளோன் 1719இல் லண்டனில் உரிமம் பெற்றவர். அவர் பயன்படுத்திய பிரஷ்ய நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது, அதாவது சயானுக்கு நெருங்கியது. அதோடும் போதாமல் சில சமயம் கறுப்புத் தகடு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய வெற்றியைப் பாடப்புத்தகச் சிவப்புக்கும் நீலத்துக்கும் சாட்சியாக நிறுத்த முடியாது. பௌஹௌஸ் கலைப்பள்ளியின் ஆசிரியர் யோஹானஸ் இட்டன் 1961இல் வெளியிட்ட நூலின் பன்னிரண்டு பகுதிச் சக்கரம் பழைய மூன்றுக்கு மறுபடியும் மதிப்புத் தேடித் தந்தது. நிறங்களின் எதிரீடு பற்றி இட்டன் எழுதியவை இன்றும் படிக்க வேண்டியவை. கலவைக்கு அவர் சக்கரம் வழிகாட்டாது.

சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும்கூட எல்லா நிறங்களையும் தருவதில்லையே என்பது வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எந்த மூன்று நிறமியாலும் முழு வண்ணப் பரப்பையும் எட்ட முடியாது. அச்சகத்தார் ஆரஞ்சு, பச்சை மைகளைக் கூடுதலாகச் சேர்ப்பதும் அதனால்தான். முழுப் பரப்பு இல்லாமலே ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் மஞ்சள் காவி, வெர்மிலியன், கறுப்பு, வெள்ளை நான்கையே வைத்து அற்புதமான உருவப்படங்கள் தீட்டினார். அவர் தட்டில் நீலத்தின் வேலையைப் பெரும்பாலும் கறுப்பே பார்த்தது. இப்படித்தான் ஓவியர் தன் தேவைக்கேற்ற சிலவற்றைத் தேர்ந்துகொள்கிறார். அந்தத் தேர்வில் பரப்பு மிக விரிவாக வேண்டுமென்றால் சயான் கூட்டணி முந்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் குழப்பம் என்பதை ஏற்க முடியாது: அங்கும் மூன்று பெயர்கள், இங்கும் மூன்று பெயர்கள். சற்று வளர்ந்த மாணவருக்கு டியூபின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித்தரலாம். தரமான வண்ணங்களில் நிறமியின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும்: பிபி 29 என்றால் அல்ட்ராமரின், பிபி 15 என்றால் சயானுக்குப் பயன்படும் தாலோ நீலம், பிஆர் 122 என்றால் மெஜந்தாவுக்கான குவினாக்ரிடோன்.