சலூனில் இனாம்

முடி வெட்டி முடிந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த துணியை உதறியாயிற்று. பின்புறம் எப்படி இருக்கிறது என்று சிறிய கண்ணாடியைப் பிடித்துக் காட்டியும் ஆயிற்று. கட்டணம் எவ்வளவு என்பது சுவரில் தொங்கும் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதுமா? மேலே ஏதாவது கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் மகிழ்வாரா, மனம் நோவாரா?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது அதியமான்கோட்டை. அங்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பலருக்கு இந்தச் சங்கடம் வருகிறது. செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையோ பெஞ்சில் உட்கார இடமிருக்காது. காத்திருப்பவர்கள் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பார்கள். (இந்தப் பக்கத்தையும் ஒருவர் அப்படிப் படித்துக்கொண்டிருக்கலாம். முறை வருவதற்குள் முடித்துவிட்டால் அவருக்கு நல்லது!)

மேல்காசுக்குப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. 'இனாம்' அரபுச் சொல். 'பக்ஷீஸ்' பாரசீகச் சொல். 'டிப்ஸ்' ஆங்கிலம். மூன்றும் இரவல். ஆனால் கொடுக்கும்போது இவற்றில் எதையும் யாரும் சொல்வதில்லை. "டீ சாப்பிடுங்க" என்று சொல்லிக் கையில் வைக்கிறார்கள். பத்து ரூபாய் என்றாலும் டீக்குத்தான், நூறு ரூபாய் என்றாலும் டீக்குத்தான்! இந்தக் கூச்சம் ஏன் வந்தது? அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு.

களத்தில் கிடைத்த 'சுதந்திரம்'

சலூன் வருவதற்கு முன்பு நாவிதர்தான் வீடு தேடி வருவார். கத்தி, கத்தரி, சாணைக்கல், கிண்ணம் எல்லாம் அவருடைய அடைப்பத்தில் இருக்கும். திண்ணையிலோ மரத்தடியிலோ வேலை நடக்கும். அன்றன்று காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்துக்குப் போய்த் தமக்குரிய தானியத்தை வாங்கிக்கொள்வார். தருமபுரிச் சீமையில் அது பெரும்பாலும் கேழ்வரகு.

முடி வெட்டுவது மட்டும் அவர் வேலை அல்ல. கல்யாணத்திலும் கருமாதியிலும் அவர் இல்லாமல் காரியம் நடக்காது. கொங்கு நாட்டு மணப்பந்தலில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் அவர்தான். அவர் வீட்டுப் பெண்கள் ஊராருக்குப் பிரசவம் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்த அந்தத் தானியப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'! மேரை என்றும் சொல்வது உண்டு. சுதந்திரம் என்றால் அங்கே பரம்பரை உரிமை என்று பொருள். நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர் எல்லோருக்கும் களத்தில் சுதந்திரம் உண்டு.

பெயர் நல்ல பெயர்தான். நடந்தது வேறு. உரிமையை வாங்க வந்தவர் பல ஊர்களில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாக்கை விரித்துக் களத்தின் ஓரமாகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. விளைச்சல் குறைந்தால் அவர் பங்கும் குறையும். நிலக்காரர் மனம் வைத்து ஒரு முறம் அதிகமாகப் போட்டால், அதற்கு ஒரு கும்பிடு. வருடம் முழுவதும் செய்த வேலைக்குரிய கூலி, இப்படியாகக் கருணை என்று ஆகிவிட்டது.

இதை மாற்றியது சலூன் சுவரில் ஆணியடித்து மாட்டிய விலைப் பட்டியல். பார்ப்பதற்குச் சாதாரணப் பலகை. ஆனால் பண்ணையாருக்கும் அதே விலை, அவர் வயலில் களை பறிப்பவருக்கும் அதே விலை. நாற்காலியில் உட்கார வருபவரின் சாதியைக் கேட்டு வேலை செய்ய மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தீண்டாமைக் குற்றச் சட்டம் என்று வந்து, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது அந்தச் சட்டம். இன்றைக்கும் சில கிராமங்களில் சலூன் கதவு சிலருக்குச் சாத்தப்படுகிறது என்று செய்தி வருகிறது. அது மரியாதைப் பிரச்சினை அல்ல, போலீஸ் பிரச்சினை.

ஆகவே சலூனில் முதல் மரியாதை, பட்டியலில் உள்ளதைப் பேசாமல் கொடுப்பது. "சின்னப் பையன் தலைதானே, பாதி போதாதா?" என்று பேரம் பேசி, பத்து ரூபாயைக் குறைத்துவிட்டு, போகும்போது ஐந்து ரூபாயை "டீ சாப்பிடு" என்று நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இது என்ன கணக்கு? இன்னும் சிலர், ஐம்பது வயதுத் தொழிலாளியை "வாடா, போடா" என்பார்கள். இருபது ரூபாய் அதிகமாகவும் கொடுப்பார்கள். அந்த இருபது ரூபாயும் பழைய களத்துக் கேழ்வரகும் ஒன்றுதான். "வாங்க, நல்லா வெட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர் எவ்வளவோ மேல்.

ஔவையின் கோபம்

அதியமான்கோட்டை என்றாலே நெல்லிக்கனி நினைவுக்கு வரும். தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய ஊர். கொடை என்றால் இந்த மண்ணைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதே அதியமான் ஒரு முறை ஔவையாருக்குப் பரிசில் கொடுக்கத் தாமதித்தான். ஔவையார் கெஞ்சவில்லை; கோபித்துக்கொண்டார். வாயில் காவலனிடமே சொல்லிவிட்டார்: தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைகள் கோடரியோடு எந்தக் காட்டுக்குப் போனாலும் பிழைப்பார்கள், எனக்கும் எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும் என்று. புறநானூற்றின் 206-ஆம் பாட்டு அது.

தச்சன் பிள்ளைக்குக் கோடரி என்றால், நாவிதருக்குக் கத்தரி. கத்தரி பிடிக்கத் தெரிந்தவருக்குச் சேலத்திலும் வேலை உண்டு, பெங்களூரிலும் உண்டு. நம் பத்து ரூபாய்க்காக அவர் காத்திருக்கவில்லை என்ற நினைப்போடு கொடுத்தால், கொடுக்கும் கை தானாகவே பணிவாக நீளும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? கடைக்காரரே முடி வெட்டினால், கட்டணம் முழுவதும் அவருக்குத்தான். மேலே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. தீபாவளி, பொங்கல் என்றால் பிரியத்துக்குக் கொடுக்கலாம். அமெரிக்காவிலும் கடை முதலாளிக்கு 'டிப்ஸ்' தேவையில்லை என்பது பழைய வழக்கம். ஆனால் பங்குக்கோ தினக்கூலிக்கோ வேலை செய்யும் தொழிலாளி வெட்டினால், மேல்காசு அவர் கையில் சேர வேண்டும். இப்போது அதற்கு ஒரு புது இடைஞ்சல் வந்திருக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் அட்டையைக் கைபேசியால் படம் பிடித்துப் பணம் அனுப்புகிறோம். அது பெரும்பாலும் முதலாளியின் கணக்குக்குப் போகிறது. கூடுதலாகப் போட்ட பத்து ரூபாயும் அங்கேதான் போகும். வெட்டியவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தனியாகச் சில்லறை வைத்திருப்பது நல்லது. தரையில் முடியைக் கூட்டும் பையனையும் மறக்க வேண்டாம்.

இனாமையே சம்பளமாக்கிவிடும் தந்திரமும் உலகில் உண்டு. அமெரிக்க மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 'டிப்ஸ்' வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதியை வாடிக்கையாளர் தரும் காசில் கழித்துக்கொள்ளலாம். 1991 முதல் அந்த 2.13 அப்படியே நிற்கிறது. பல மாநிலங்கள் தாங்களாக இதை உயர்த்தியிருக்கின்றன என்பது ஆறுதல்.

மொட்டை மண்டபம்

அவ்வளவு தூரம் போவானேன்? வேண்டுதல் என்றால் இந்தப் பக்கத்து மக்கள் பழனிக்கும் திருப்பதிக்கும் போகிறார்கள். குழந்தை அழுகிறது. பாதித் தலை மழித்தாயிற்று. அந்த நேரத்தில் "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்றால் யாரால் மறுக்க முடியும்? கத்தி கையில் இருக்கும்போது கேட்பது இனாம் ஆகாது.

திருமலையில் பக்தர்களிடம் பணம் வாங்கினார்கள் என்று 2017-இல் இருநூறுக்கும் மேற்பட்ட நாவிதர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். கட்டாயப்படுத்திக் கேட்டவரைத் தண்டிக்கலாம். பக்தர் தாமாகக் கொடுத்த பத்து ரூபாயை வாங்கியவரையும் அதே தராசில் நிறுத்துவது நியாயமா?

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கோயில்களில் மொட்டைக் கட்டணம் ரத்து என்று அறிவித்தார்கள். பக்தர்களுக்கு நல்ல செய்தி. அந்தக் கட்டணத்தை நம்பியிருந்த பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அதே ஆண்டில் ஏற்பாடு ஆயிற்று. ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் மாதம் 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் என்ன சாப்பிடும்? வீட்டு வாடகை என்ன, பள்ளிக்கூடச் செலவு என்ன? அறநிலையத் துறை அதிகாரிகள் ஒரு மாதச் சாமான் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஊக்கத்தொகை என்ற பெயரை விட்டுவிட்டு, சம்பளம் என்ற பெயரில் போதுமான தொகையைக் கொடுக்கட்டும். அப்புறம் மண்டபத்தில் யாராவது கை நீட்டினால் கண்டிக்கலாம்.