‘விரைவில்’ என்று எழுதாதீர்கள்

வாசகர்கள் நமக்கு அனுப்பும் கேம்களைத் திறந்தால், முகப்பிலேயே சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘அத்தியாயம் 2 – விரைவில்’. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் அம்பாசமுத்திரத்திலும் கல்லூரியோ வேலையோ முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து செய்த கேம்கள் இவை. விளையாட வந்தவர் முதலில் அழுத்திப் பார்ப்பது அந்தப் பொத்தானைத்தான். ஒன்றும் நடக்காது. முதல் அத்தியாயம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாதிதான் கைக்கு வந்திருக்கிறது என்ற எண்ணத்தோடு அவர் ஆடத் தொடங்குகிறார்.

வெளியீட்டுக்குப் பிறகு தரப்போகும் கூடுதல் பகுதிகளை முன்கூட்டியே திட்டமிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பொழுதுபோக்காக கேம் செய்பவர்களுக்கு நம் பதில்: வேண்டாம். திட்டம் போடாதீர்கள், அறிவிக்கவும் செய்யாதீர்கள். ஆனால் பின்னால் ஒன்றைச் சேர்க்க இடம் விட்டு வையுங்கள்.

பேர்பெற்ற குழுக்களுக்கே இந்த வாக்குறுதி எவ்வளவு பாரமாயிற்று என்று பாருங்கள். ‘ஷவல் நைட்’ கேமுக்காக யாட் கிளப் கேம்ஸ் 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது. கேட்டதற்கு மேல் பணம் வந்தால், எதிரி வீரர்களில் மூவரை நாமே ஆடக்கூடிய பாத்திரங்களாக்கித் தருவதாகச் சொன்னது. பணம் வந்தது. கேம் 2014 ஜூனில் வெளியானது. சொன்னவற்றில் கடைசிப் பகுதி வந்து சேர்ந்தது 2019 டிசம்பரில். வாக்கைக் காப்பாற்றினார்கள், தரமாகவும் காப்பாற்றினார்கள். அதற்கு ஐந்தரை ஆண்டு பிடித்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரியின் கதை இதைவிட நீளம். ‘ஹாலோ நைட்’டுக்காக 2014-இல் பணம் திரட்டியபோது, அதில் வரும் ஹார்னெட் என்ற பாத்திரத்தையும் நாம் ஆடக்கூடிய இரண்டாவது பாத்திரமாகத் தருவதாகச் சொன்னார்கள். கேம் 2017 பிப்ரவரியில் வந்தது. ஹார்னெட்டின் பகுதி வளர்ந்து வளர்ந்து ‘சில்க்சாங்’ என்ற தனி கேமாகி, 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வெளியானது. முதல் கேம் உலகெங்கும் விற்றுக் குவிந்ததால் அவர்களால் அவ்வளவு காலம் பொறுமையாக வேலை செய்ய முடிந்தது.

நம்மவர்களுக்கு அந்தப் பணமும் கிடையாது, நேரமும் கிடையாது. இறுதியாண்டில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் கேம், கடைசி செமஸ்டர் முடியும் நேரத்தில் வெளிவருகிறது. அதன்பின் ஒருவருக்குச் சென்னையில் வேலை, இன்னொருவருக்குப் பெங்களூரில். படம் வரைந்தவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார். அறிவித்த இரண்டாம் அத்தியாயம் மிச்சமிருக்கும் ஒருவர் தலையில் கடனாக வந்து விழுகிறது. அதை முடிக்கவும் முடியாமல், விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கவும் மனம் வராமல், கேம் செய்வதையே நிறுத்திவிட்டவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். நல்ல கைகள். அவர்களை இழப்பதுதான் நம்மை வருத்துகிறது.

வெளியீட்டோடு வேலை முடிந்துவிடாது என்பதும் உண்மை. கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திய பிறகே வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிவந்த பின்னும் டார்கெட் ஏபிஐ அளவை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே வர வேண்டும். விட்டுவிட்டால், புதிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் புதியவர்களுக்கு உங்கள் கேம் கடையில் தென்படாது.

தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. யூனிட்டியில் டெக்ஸ்ட்மெஷ் புரோவை அப்படியே பயன்படுத்தினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘திருநெல்வேலி’ என்று எழுதிப் பாருங்கள்: ‘நெ’, ‘வே’ இரண்டிலும் கொம்பு இடம் மாறி நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இதைச் சரியாகக் காட்டுகிறது. ஊர்ப் பெயரையே பிழையாகக் காட்டும் கேமுக்கு இரண்டாம் அத்தியாயம் எதற்கு? வெளியீட்டுக்குப் பின் கிடைக்கும் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கும், உடைந்த சேவ் ஃபைல்களுக்கும், பழைய போன்களில் திணறும் லெவல்களுக்கும் ஒதுக்குங்கள்.

ஆடு புலி ஆட்டத்தை போனில் செய்ய முயல்பவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களில் சிலர் நான்காவது புலியை ‘அடுத்த அப்டேட்’டுக்கு என்று எடுத்து வைக்கிறார்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள் என்ற கணக்கு ஒன்றையொன்று தாங்கி நிற்பது. ஆடுகள் எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. அந்த இடைவெளியில் எத்தனை ஆட்டைப் பிடிக்கிறது என்பதில்தான் புலியின் பிழைப்பு இருக்கிறது. அங்கே இன்னொரு புலியை விட்டால் ஆடு வைப்பவருக்கு மூச்சுவிட இடமிருக்காது. நேபாளத்தின் பாக் சாலில் 4 புலிகள் உண்டு. ஆனால் அங்கே 25 புள்ளிகளும் 20 ஆடுகளும் இருக்கின்றன, கட்டத்தின் வடிவமே வேறு. நான்காவது புலி வேண்டுமென்றால் வேறு கட்டம் வரைய வேண்டும். அது உங்கள் அடுத்த கேம். தனிப் பெயரோடு வரட்டும்.

சின்னதாக இருந்தால் ஆட்கள் கேலி செய்வார்களோ என்ற அச்சமும் இந்த ‘விரைவில்’ பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. டொரோன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’வை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, வளர்ந்து விலகிப் போகும் மகன். நீளம் போதாது என்ற குறை அப்போதே எழுந்தது. ஆனால் அந்தக் கதை சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருந்தது. 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

கூடுதல் பகுதிகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நம் வயல்களே சொல்லும். பிசானம் நம் ஆற்றுப்பாசனத்தின் பெரிய சாகுபடி. கார் சாகுபடியோ தென்மேற்குப் பருவமழை பொதிகையில் பெய்து, பாபநாசம் அணையில் நீர் ஏறுவதைப் பொறுத்தது. தண்ணீர் இருந்தால் திறப்பார்கள், இல்லாத ஆண்டில் வயல் சும்மா கிடக்கும். அதற்காக வாய்க்காலை யாரும் தூர்த்துவிடுவதில்லை. இடம் விட்டு வையுங்கள் என்று மேலே சொன்னது இந்தப் பொருளில்தான். லெவல்களை நிரலுக்குள் எழுதாமல் தனி டேட்டா ஃபைல்களில் வையுங்கள். சேவ் ஃபைலின் முதல் வரியில் பதிப்பு எண் இருக்கட்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு லெவல் சேர்த்தவுடன், பழைய ஆட்டக்காரர்களின் சேமிப்பு முழுவதும் போய்விடும். திரையில் வரும் எல்லாச் சொற்களையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். புராஜெக்டை கிட்டில் ஏற்றி, குழுவில் எல்லோருக்கும் திறவுகோல் கொடுங்கள். கல்லூரி லேப்டாப்பை ஃபார்மேட் செய்தபோது மூல ஃபைல்களும் சேர்ந்து அழிந்த கதைகள் நமக்குப் புதிதல்ல.

ஆட்கள் உண்மையில் ஆடி, மேலும் கேட்டு, உங்களுக்கும் ஆசை மிச்சமிருந்தால் அப்போது செய்யுங்கள். சிறிதாக, தேதி குறித்து, இலவசமாக. ஆனித் தேரோட்டத்தை ஒட்டி ஒரே ஒரு லெவல் என்பது நல்ல அளவு. தேர் நகரும் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது என்பதால் வேலையும் அந்தத் தேதிக்குள் முடிந்துவிடும். முடித்த பிறகே அறிவியுங்கள்.

அடுத்த இதழின் விமர்சனப் பகுதிக்கு கேம் அனுப்புபவர்கள், முகப்பில் பூட்டிக் கிடக்கும் அத்தியாயங்களையும் ‘விரைவில்’ அறிவிப்புகளையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் அவற்றை நீக்கிய பதிப்பை மறுபடி அனுப்பலாம். வரிசையில் அவர்களுடைய இடம் மாறாது.