டிகிரியும் டிக்ரியும்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் இவ்வாண்டு ‘நீதிக்குப் பெருமை சேர்த்தோர்’ என்ற தலைப்பில் நடந்த பேச்சுப் போட்டியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினோரு பேர் பேசினர். அவர்களில் நால்வர் நீதிபதி எச். ஆர். கன்னாவைப் பற்றியும், மூவர் சர் டி. முத்துசாமி ஐயரைப் பற்றியும் பேசினர். நானும் பெயர் கொடுத்திருந்தேன். மேடையேறி இரண்டு நிமிடம் தடுமாறிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று சொல்ல வராததை இன்று எழுத முயல்கிறேன். ஆண்டு மலர்க் குழுவினர் இடம் தந்ததற்கு நன்றி.

கன்னாவைப் பற்றி நண்பர்கள் பேசியதில் எனக்கு மாறுபாடு ஏதும் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28ஆம் நாள், விசாரணையின்றிச் சிறைப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வர் சொன்னபோது, ஐந்தாமவராக அமர்ந்து ‘முடியும்’ என்று எழுதியவர் அவர். மறு ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போயிற்று. அவர் பதவி விலகினார். 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்றனர். இத்தகைய மனிதரைப் பற்றி நால்வர் பேசினால் என்ன, நாற்பது பேர் பேசினாலும் தகும்.

முத்துசாமி ஐயரைப் பற்றிய பேச்சுத்தான் என்னை உறுத்திற்று. தஞ்சை மாவட்டத்தில் 1832இல் பிறந்தவர், சிறுவயதில் கிராமக் கணக்கு வேலையில் மாதம் ஒரு ரூபாய் சம்பளம் பெற்றவர், 1878இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனவர். வியக்கத்தக்க வாழ்வுதான். ஆனால் மூன்று பேரும் தெருவிளக்கையே பிடித்துக்கொண்டார்கள். அவர் தெருவிளக்கில் படித்தார், தெருவிளக்கில் படித்தார் என்று மூன்று முறை கைதட்டு வாங்கினார்கள். அவர் எழுதிய ஒரு தீர்ப்பைப் பற்றியேனும் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தெருவில் விளக்கு வந்தது நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது. அதன் அடியில் நானும் படித்திருக்கிறேன். கொசுக்கடியைத் தவிர அதில் வேறு சிறப்பு இருந்ததாக நினைவில்லை. ஏழைப் பையன் ஒருவன் உயர்ந்துவிட்டால் அவனுடைய வறுமையை நகையாக்கிக் கழுத்தில் மாட்டிவிடுகிறோம். அவன் உயர்ந்த இடத்தில் அமர்ந்து என்ன செய்தான் என்று கேட்பதில்லை.

போட்டி முடிந்த மறுவாரம் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் சீர்காழிக்கு அருகே. அப்பா விவசாயக் கூலி. கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவே. எங்கள் கொல்லைக்குச் செல்லும் மூன்றடிப் பாதையை அண்டை வீட்டார் வேலி வைத்து அடைத்துவிட, நான் எட்டாம் வகுப்புப் படித்த காலத்தில் அப்பா பிராது கொடுத்தார். முன்சீப் கோர்ட்டில் தோற்றார். அப்பீல் போனார். அதிலும் தோற்றுவிட்டோம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். தீர்ப்பின் நகல் மஞ்சள் பையில் இருந்தது. அப்பா அதை எடுத்து என்முன் வைத்தார்.

“தம்பி, நீ டிகிரிதானே படிக்கிற? இந்த டிக்ரியைப் படிச்சுச் சொல்லு பாப்போம்.”

“தோத்துட்டோம்னுதான் சொல்லிட்டாங்களேப்பா.”

“தோத்தது தெரியும்பா. எதுனால தோத்தேன்னு எழுதியிருக்காங்க?”

பதினான்கு பக்கம். எல்லாம் ஆங்கிலம். நான் பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழியில் படிப்பவன். ஆங்கிலப் பாடத்தில் தேறிவிட்டேன் என்பது உண்மை. ஆனால் அந்தத் தாளில் முதல் பத்தியைத் தாண்ட எனக்கு அரை மணி ஆயிற்று. பக்கத்தில் அம்மா, தங்கை, சித்தப்பா எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று இரவு என் வெட்கத்தை எழுத்தில் வைக்க இயலாது.

மூன்று ஞாயிறுகள் அகராதியுடன் உட்கார்ந்தேன். விஷயம் மெல்ல விளங்கிற்று. அடுத்தவர் நிலத்தில் வழி உரிமை கேட்பவர், இருபது ஆண்டுகள் இடைவிடாமலும் தடையின்றியும் அதைப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டுமாம். 1882ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் வாய்ச் சாட்சி மட்டும் இருந்ததாகவும், ஆவணம் ஒன்றுகூடத் தாக்கல் செய்யப்படவில்லை என்றும் தீர்ப்பில் எழுதியிருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். தாத்தா வாங்கிய பத்திரம் வெளியே வந்தது. அதில் செக்குபந்தி விவரத்தில், ‘நடைபாதைக்கு மேற்கு’ என்று தமிழில் தெளிவாக எழுதியிருந்தது.

“இதையா கேட்டாங்க? இது நம்மகிட்டதானே இருந்துச்சு” என்றார் அப்பா.

முன்சீப் கோர்ட்டின் பழைய தீர்ப்பையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் ஆங்கிலம். ஆவணம் இல்லை என்ற அதே குறை அதிலும் எழுதப்பட்டிருந்தது. அதாவது, எங்கள் குறை இன்னதென்று பல ஆண்டுகளாக எங்கள் வீட்டிலேயே, அதே தகரப் பெட்டியில், பத்திரத்துக்கு மேலேயே கிடந்திருக்கிறது. படித்துச் சொல்ல ஆளில்லை. பத்திரத்தைக் காட்டியிருந்தால் வென்றிருப்போம் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. வக்கீலைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. அவர் பட்டாவைக் கேட்டார், அப்பா கொடுத்தார். வேறென்ன கேட்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாது. வேறென்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இதற்குப் பிறகுதான் சட்ட அறிஞர்களின் வரலாற்றை வேறு கண்ணோடு தேடிப் படித்தேன். நம் பேச்சுப் போட்டியில் ஒருவரும் சொல்லாத பெயர் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை! ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர், தமிழின் முதல் நாவலாசிரியர் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்காக அவரை மனப்பாடம் செய்தோம். அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை என்ன? திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாகி, பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார். எங்கள் வழக்குப் போன்ற வழக்குகள், வேலி, வாய்க்கால், வரப்பு, கடன் பத்திரம் எல்லாம் அவர் முன் வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன்.

அவர் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். அந்நாளில் கும்பினியாரின் மேல்கோர்ட்டாக விளங்கியது சதர் அதாலத்து. அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. கீழே வழக்காடும் குடியானவனுக்கும் அவனுக்காகப் பேசும் உள்ளூர் வக்கீலுக்கும் அவை எட்டாத பொருள். வேதநாயகம் பிள்ளை அத்தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் பெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். ஆண்டு 1862. சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கப்பெற்ற அதே ஆண்டு. யாரும் அவரைப் பணித்ததாகத் தெரியவில்லை. முன்சீப் வேலையே கழுத்தை நெரிக்கும் வேலை. அதற்கு மேலும் இதைச் செய்திருக்கிறார். தமிழர் வழக்கைத் தமிழறிந்தோர் முன் ஆங்கிலத்தில் வாதிடும் வக்கீல்களைத் தம் நாவலிலும் அவர் எள்ளி நகையாடியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொருவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுக்காரர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். 1957இல் கேரளத்தில் அமைச்சர். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. 1978இல் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் போலிப் பட்டச் சான்றிதழ் தயாரிக்க முயன்ற குற்றத்துக்காக மூன்றாண்டுத் தண்டனை பெற்றவர். (பட்டத்துக்காக இரவும் பகலும் உழைக்கும் நமக்கு அவர்மீது இரக்கம் வருவது கடினம்தான்!) அவருடைய மேல்முறையீடு நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தது. காரணம் கேட்டால், தீர்ப்பின் நகல் சிறையில் தம் கைக்கு வந்து சேரவில்லை என்றார். அதற்குள் தண்டனைக் காலமே கழிந்துவிட்டது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. ஆனால் கிருஷ்ண ஐயர் அத்துடன் விடவில்லை. சிறைப்பட்டவனுக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகவும் உடனடியாகவும் கொடுத்தாக வேண்டும், வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவனுக்கு அரசு வைத்துத் தர வேண்டும் என்று எழுதினார். மறு ஆண்டு, திகார் சிறைக் கைதி ஒருவர் சக கைதிக்கு நேர்ந்த கொடுமையை விவரித்து எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றுத் தீர்ப்பு எழுதினார். முத்திரைத் தாள் இல்லை, வக்காலத்து இல்லை, வெறும் கடிதம்.

நகல் கைக்கு வர வேண்டும் என்ற அளவுக்கு நினைத்த ஒருவரை வணங்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தீர்ப்பின் ஆங்கிலம் இருக்கிறதே! நம் ஆங்கிலத் துறைப் பேராசிரியரிடம் இரண்டு பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரே இரண்டு இடங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிருஷ்ண ஐயரின் நடை வழக்கறிஞர்களையும் அகராதி தேட வைத்தது என்பது ஊரறிந்த செய்தி. ஏழைக்காகத் துடித்த நெஞ்சம், ஏழைக்குப் படித்துச் சொல்ல முடியாத மொழியில் துடித்தது. இதைப் பெரியவர்மேல் பழியாகச் சொல்லவில்லை. என் மனவருத்தம், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்ப்போம். பிற மாநிலங்களிலிருந்து நீதிபதிகள் மாறுதலில் வருகிறார்கள். வழக்கு டெல்லி வரை போனால் அங்குள்ளோர் படிக்க வேண்டும். ஆகவே பொதுமொழி தேவை என்கிறார்கள். இது வெற்று வாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 348ஆம் பிரிவே, குடியரசுத் தலைவரின் இசைவோடு உயர் நீதிமன்றத்தில் மாநில மொழிக்கு இடம் தரலாம் என்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்கள் அவ்வழியில் இந்திக்கு இடம் பெற்றுவிட்டன. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் இசைவு கிட்டவில்லை. சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்பாரும் உண்டு. தமிழக அரசே சட்டச்சொல் அகராதி வெளியிட்டிருக்கிறது. அமிலம், காரம், தரம்பார்த்தல் என்று தமிழில் வேதியியல் படித்துத் தேர்வெழுதுகிறோம். வேலித் தகராற்றைத் தமிழில் எழுத முடியாதா?

என் கோரிக்கை மிகச் சிறியது. தீர்ப்பை எந்த மொழியிலேனும் எழுதிக்கொள்ளட்டும். வழக்காடியவன் கையில் கொடுக்கும் நகலோடு, அவன் ஏன் வென்றான் அல்லது ஏன் தோற்றான் என்று தமிழில் ஒரே ஒரு தாள் வைக்கட்டும். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றை 2019 முதல் மாநில மொழிகளில் பெயர்த்துத் தன் இணையதளத்தில் தருகிறது; தமிழிலும் தருகிறது. டெல்லியில் இயலுவது தாலுகாவில் இயலாதா? அத்துடன், நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் சிலர் சட்டம் படிக்கச் செல்கிறார்கள். அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களில் ஒருவர் சீர்காழிக் கோர்ட்டுக்கு வக்கீலாக வந்தால், கட்சிக்காரரிடம் பட்டாவைக் கேட்டதோடு நிறுத்திவிடாமல் தகரப் பெட்டியையே தூக்கிவரச் சொல்லுங்கள்.

தீர்ப்பு முழுவதையும் நான் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். மீதமிருந்த வேதியியல் செய்முறை நோட்டு அதற்குப் பயன்பட்டது. உயர் நீதிமன்றத்துக்குப் போக இன்னும் சில வாரங்கள் இருப்பதாக வக்கீல் சொல்கிறார். பத்திரத்தை இந்த நிலையில் ஏற்பார்களா என்பது ஐயமே என்றும் சொல்கிறார். பணத்துக்கு அப்பா அலைகிறார். இதற்கிடையில் செய்தி தெருவில் பரவிவிட்டது. போன ஞாயிறு தெற்குத் தெருப் பாட்டி ஒருவர் மஞ்சள் பையுடன் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளே ஒன்பது பக்கம். அவர் கணவர் காலத்து வழக்காம். வென்றதா தோற்றதா என்றே தெரியாதாம். பருவத் தேர்வு முடியட்டும் பாட்டி, படித்துச் சொல்கிறேன் என்றேன். “முடிச்சுட்டு வா சாமி, இருபது வருஷமா வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பையை என்னிடமே விட்டுப் போனார்.