காலனி எந்த ஸ்டேஷனில் மாறுகிறது?

தாம்பரத்தில் ஒருவர் "நான் காலனியில் இருக்கிறேன்" என்று சொன்னால், எதிரே இருப்பவர் "எந்தக் காலனி?" என்று கேட்பார். பாங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி, ரயில்வே காலனி என்று ஏதாவது பதில் வரும். அந்தப் பெயருக்காகவே வாடகை கொஞ்சம் கூடுதல். அதே மின்சார ரயிலில் தெற்கே வந்து சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால், டிரைவர் கேட்பது வேறு: "ஊரா, காலனியா?" எந்தக் காலனி என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஒன்றுதான் இருக்கிறது.

கல்லூரிக் காலத்திலிருந்து இந்த ரயிலில் போய் வருகிறேன். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர். இவற்றில் எந்த ஸ்டேஷனில் இந்தச் சொல்லின் பொருள் மாறுகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்ததுண்டு. ஒரு காலத்தில் ஊரப்பாக்கம் என்று நினைத்தேன். அப்புறம் பொத்தேரி என்று நினைத்தேன். நகரம் தெற்கே நகர நகர அந்த எல்லையும் நகர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் செங்கல்பட்டையும் தாண்டி மறைந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. இன்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு பொருளும் இருக்கின்றன. ரயிலடியில் ஒன்று, உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் இன்னொன்று.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வசைச் சொல்லாக மாறிப்போன ஒன்றை அரசு தன் கையால் அழிப்பது நல்ல காரியம். வரவேற்றேன், இந்தப் பக்கத்திலும் எழுதினேன். அறிவிப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். "ஊரா, பின்னாடியா?" என்கிறார்.

தமிழ் படித்தவன் என்பதால் இங்கே ஒரு சின்ன விலகல். சேரி என்றால் பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிற பன்னிரண்டு சேரிகள் பார்ப்பனக் குடியிருப்புகள். சோழர் காலத்திலேயே அந்தச் சொல்லுக்கு முன்னால் 'பறை' சேர்ந்தது, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'தீண்டா' கூடச் சேர்ந்தது. பிறகு முன்னொட்டு இல்லாமலே அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் சேரியில் வீடு வாங்கியதாக நினைப்பதில்லை. சேரி போய் ஹரிஜன் காலனி வந்தது, பின்பு ஆதிதிராவிடர் காலனி, பின்பு வெறும் காலனி. இப்போது 'பின்னாடி'.

நகரத்துக்குப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எங்கள் அப்பா தலைமுறை நம்பியது. பாதி உண்மை. மயிலாப்பூரிலோ அண்ணா நகரிலோ வாடகைக்கு வீடு கேட்டால் "அசைவம் சாப்பிடுவீங்களா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். எங்கள் கிராமத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. புறநகரில் அந்த வசதி கிடையாது. என் மனைவிக்குத் தாம்பரம் பக்கம் வேலை கிடைத்தபோது வீடு தேடி அலைந்தோம். மாடி வீடு, ஒரு படுக்கையறை, தண்ணீர் வசதி உண்டு. வீட்டுக்காரர் நல்ல மனிதராகத்தான் பேசினார். காபி கொடுத்தார்கள். சொந்த ஊர் எது என்றார், சொன்னேன்.

"அட, அங்கதான் சார் நான் ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கேன். நீங்க கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா?"

"ஏரிப் பக்கம்" என்றேன்.

சொல்லி அனுப்புகிறேன் என்றார். மறுநாள் தரகர், அந்த வீட்டைச் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் வாங்கிப் போட்ட இரண்டு கிரவுண்டும் ஏரிப் பக்கம்தான். எங்கள் தெருவின் கடைசி வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சேரி எங்கே இருக்கும் என்று வழி கேட்க வேண்டியதில்லை. தாழ்வான பக்கம், ஏரிக்கரையை ஒட்டி, மழைத் தண்ணீர் முதலில் நுழையும் இடம். மேட்டுப் பக்கம் ஊர். நூறு வருடம் யாரும் சீந்தாத அந்தத் தாழ்வான நிலத்துக்குத்தான் இப்போது கிராக்கி. வண்ணக் கொடிகள் நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை அழைத்து வந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அந்த லேஅவுட்டின் விளம்பரப் படத்தில் ஜிஎஸ்டி சாலை இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. எங்கள் தெருக்கள் இருக்கும் இடத்தில் பச்சை அடித்து மரம் வரைந்திருக்கிறார்கள்.

படத்தில் எங்களை அழித்ததைப் பற்றிக்கூட அதிகம் சொல்ல மாட்டேன். சுடுகாட்டுப் பாதையை அழித்ததுதான் பெரிய கேடு. எங்கள் பிணம் ஊர்த் தெரு வழியாகப் போகக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அதனால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பாதையின் குறுக்கே லேஅவுட்டின் சுற்றுச்சுவர் வந்தது. என் பெரியப்பா இறந்தது அடைமழைக் காலம். சுவர் இருந்ததால் ஊர்த் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். கோயில் முனையில் மறித்தார்கள். பாடையை இறக்க முடியாமல் இளைஞர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றார்கள். அதிகாரிகள் வந்து, இரவு பதினொரு மணிக்கு ஜேசிபி வைத்து லேஅவுட் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு இடித்தார்கள். அதன் வழியே போய்த்தான் எரித்தோம். ஊர்த் தெரு திறக்கவே இல்லை. சுவரின் அந்தப் பொத்தலில் இப்போது இரும்புக் கதவு போட்டிருக்கிறது, சாவி காவலாளியிடம்.

லேஅவுட்டில் வீடு கட்டி வந்திருப்பவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பலரும் கடன் வாங்கி வந்தவர்கள், கம்பெனி வேலைக்காரர்கள், எங்கள் சாதி என்ன என்று தெரியாதவர்களும் உண்டு. பாதுகாப்புக்காகச் சுவர் வேண்டும் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. பாடை தூக்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த மாவட்டத்தின் மண்ணுக்கு இது புதிதல்ல. 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதார் ஆட்சேபித்துத் தடுத்துவிடுவார் என்ற நிலைமையை அதில் விவரித்தார். அதன் விளைவுதான் 1892ஆம் ஆண்டு அரசாணையும் பஞ்சமி நிலமும். பத்து ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் தரவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். சென்னை மாகாணத்தில் இப்படிச் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்று கிராமத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆள் பெயர் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று, மாமல்லபுரம் பக்கத்துக் காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் யாரும் விளக்கேற்றவில்லை.

நகரத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் மனை வாங்கி வருகிறவர்கள் அல்ல. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து வாரிக் கொண்டுவந்து கொட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் எட்டு மாடிக் கட்டடங்கள் நிற்கும் பெரும்பாக்கம். பெரும்பாலும் தலித் மக்கள். 1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே வீடு என்று பேசினார்கள். பல இடங்களில் கட்டியும் கொடுத்தார்கள். பிறகு இடம் மாறிவிட்டது. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு வந்தன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடியேற்றிய கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை.

சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வந்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். முன்பு நடந்து போகும் தூரம், இப்போது இரண்டு பஸ். விடியற்காலை ஐந்து மணிக்கு நிறுத்தத்தில் நிற்கிறார். 2021லிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் வேலை நிலைத்தது என்பார். அவர் மகன் டிப்ளமோ முடித்தவன். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது பெரும்பாக்கம் என்று போடுவதில்லை, மேடவாக்கம் என்று போடுகிறான். கண்ணகி நகர்ப் பிள்ளைகள் துரைப்பாக்கம் என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் மறைமலை நகர் என்கிறார்கள். நகரத்திலிருந்து தள்ளப்பட்டவனும் கிராமத்தில் ஒதுக்கப்பட்டவனும் ஒரே கம்பெனி வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, இரண்டு பேரும் முகவரியை மாற்றி எழுதுகிறார்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளால் எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மாதச் சம்பளம் வந்தது. பண்ணைக்கு ஆள் போவது நின்றது. என் வயதுக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் ஊர்த் தெருவில் இறங்காமல் போவது, அதுவும் வந்தது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்றாலும் கையில் காசு இருக்கிறவன் குரல் வேறு. ஆனால் அந்தக் காசைக் கொண்டு எங்கள் ஊரிலேயே ஒரு மனை வாங்கலாம் என்று போனால், "அந்த வரிசை எல்லாம் புக்கிங் ஆயிடுச்சு" என்கிறார்கள். விலை ஏறிய நிலத்தில் நமக்கு என்ன பங்கு என்பதுதான் இப்போது கேள்வி. அதற்குப் பதில் பதிவேட்டில் இருக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லி வருகிறேன். உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் சிட்டாவையும் இணையத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். அதோடு நின்றுவிடக் கூடாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூடிஆர் என்று சொல்வோமே, அதில் பழைய குறிப்புகள் பல புதிய பதிவேட்டுக்கு ஏறாமல் போயின. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் 'டி.சி.' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். புல வரைபடத்தில் பாதை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒதுக்கப்பட்ட நிலத்தை வேறொருவர் ஆக்கிரமித்திருந்தால் அது வெறும் சிவில் தகராறு அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), (ஜி) பிரிவுகளில் அது குற்றம்.

எங்கள் தெருவில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் இதைச் செய்து பார்த்தாள். லேஅவுட்டுக்குள் போயிருக்கும் மூன்று புல எண்களுக்கு நகல் கேட்டாள். இரண்டுக்கு, ஆவணம் சிதிலமடைந்துவிட்டதால் வழங்க இயலவில்லை என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு நகல் வந்தது. மங்கிய மசியில், ஆனால் படிக்க முடிகிற மாதிரி, 'டி.சி.' என்று இருக்கிறது. பட்டாதாரர் பெயரைப் பார்த்துவிட்டு அவளுடைய ஆயா, "இவரு எங்க மாமனாரோட அண்ணன்டி" என்றார்.

சிதிலமடைந்த இரண்டுக்கும் மேல்முறையீடு எழுத நேற்று மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அனுப்புநர் முகவரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"அண்ணா, காலனின்னு எழுதணுமா? அதான் எடுத்துட்டாங்களே. வேற பேரும் இன்னும் வைக்கல."

என்ன வேண்டுமானாலும் எழுது, தபால்காரருக்கு நம் வீடு தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். கதவு எண்ணை எழுதி, அதன் கீழே அந்த மூன்றாவது நிலத்தின் புல எண்ணை எழுதினாள். மனு திங்கட்கிழமை தபாலில் போகிறது.