அளவெடுத்துத் தைக்க வேண்டிய ரயில்

கோவையில் செய்த மெட்ரோ ரயில் பாகங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. மெட்ரோ ரயில்தான் கோவைக்கு வந்தபாடில்லை. ஆல்ஸ்டாம் நிறுவனம் ரயிலுக்கான மின்கருவிகளை இங்குள்ள தொழிற்சாலையில் செய்கிறது. பெட்டிகள் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உருவாகின்றன. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் முதல் ஓட்டுநரில்லா ரயில் 2024 அக்டோபரில் ஸ்ரீசிட்டியிலிருந்துதான் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து இறங்கியது. மூன்றே பெட்டி. சென்னைக்கே மூன்று பெட்டி போதும் என்று முடிவாகியிருப்பதைக் கோவைக்காரர்கள் மனதில் குறித்துக்கொள்வது நல்லது.

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் காரணங்களைக் கடிதத்தில் சொல்லித் திருப்பி அனுப்பியது. மெட்ரோ ரயில் கொள்கை 2017-ன்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 15.84 லட்சம்தான் என்பது முதல் காரணம். அதே கணக்கெடுப்பு கோவை நகரத் திரளுக்கு 21 லட்சத்துக்கு மேல் காட்டுகிறது என்பதைக் கடிதம் எழுதியவர்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டார்களா தெரியவில்லை. நகரத் திரளாகவே எடுத்துக்கொண்டாலும் 20 லட்சத்தைத் தொடாத போபாலுக்கு 2018-லும் ஆக்ராவுக்கு 2019-லும், அதாவது இதே கொள்கை வந்த பிறகு, ஒப்புதல் கிடைத்தது. ஆக்ராவில் 2024 மார்ச்சிலிருந்து ரயில் ஓடுகிறது. கோவைக்கு மட்டும் பதினைந்து ஆண்டுப் பழைய தலைக்கணக்கைக் காட்டுவது நியாயமே இல்லை. இந்த மறுப்பை ஒன்றிய அரசு திரும்பப் பெற வேண்டும்.

ஆனால் அந்தக் கடிதத்தில் மக்கள்தொகைக்கு அடுத்து வரும் காரணங்களை நம்மூர் அரசியல் மேடைகள் வசதியாக மறந்துவிட்டன. நிலையங்கள் வர வேண்டிய சில இடங்களில் சாலைக்குப் போதிய அகலமில்லை. சென்னையில் 55 கி.மீ. தடத்தில் நாளுக்கு 4 லட்சம் பேர் போகும்போது, கோவையில் 34 கி.மீ.க்கு 5.9 லட்சம் பேர் எப்படி ஏறுவார்கள்? சராசரிப் பயணம் எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊரில் இத்தனை செலவு செய்து எவ்வளவு நேரம் மிச்சமாகும்? கேட்டவரின் நோக்கம் எதுவானாலும் கேள்விகள் கேள்விகள்தான். நாம் அனுப்பிய அறிக்கை, பெரிய ஊருக்கென்று தைத்த சட்டையைக் கொஞ்சம் பிடித்துக் கோவைக்கு மாட்டிப் பார்த்தது. பனியன் தைத்து உலகத்துக்கே அனுப்பும் திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்திருக்க வேண்டாம்.

திட்டத்தில் இரண்டு தடங்கள். ஒன்று உக்கடத்திலிருந்து அவிநாசி சாலை வழியாக நீலம்பூர். மற்றது கோவை ஜங்ஷனிலிருந்து சத்தி சாலை வழியாக வலியாம்பாளையம் பிரிவு. மொத்தம் 34.8 கி.மீ., மதிப்பீடு 10,740 கோடி ரூபாய். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்கு ஜி.டி.நாயுடு பெயரில் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. சாலையின் நடுப்பகுதியை அதன் தூண்கள் எடுத்துக்கொண்டன. அதற்குப் பக்கத்தில் மெட்ரோவுக்கென்று இன்னொரு பாலம் ஓரமாக ஒட்டிக்கொண்டு போயாக வேண்டும். (மேம்பாலத்தையும் மெட்ரோவையும் ஒரே தூணில் அமைக்க அன்றே யோசித்திருக்கலாம். அது கைநழுவிப் போன வாய்ப்பு.) சத்தி சாலையின் கதை வேறு. காந்திபுரம் தாண்டிக் கணபதிக்குள் நுழைந்தால் கடை வாசலும் பஸ் நிறுத்தமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே வழக்கமான நிலையம் ஒன்றைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால் இருபுறமும் கட்டடங்களை இடிக்க வேண்டும். இழப்பீடு, வழக்கு, தடையாணை என்று அதிலேயே பத்து ஆண்டுகள் ஓடிவிடும்.

ரயிலுக்காகத் தெருவை அகலப்படுத்துவது ஒரு வழி. தெருவுக்காக ரயிலை ஒடுக்குவது இன்னொரு வழி. கோவைக்கு இரண்டாவதுதான் சரி என்பது நம் கருத்து.

பிரான்சின் லில் நகரம் 1983-ல் இதைத்தான் செய்தது. ரயிலின் அகலம் 2.06 மீட்டர், சென்னை மெட்ரோ பெட்டியோ 2.9 மீட்டர். இரண்டே பெட்டி, 26 மீட்டர் நீளம், ரப்பர் சக்கரம், ஓட்டுநர் இல்லை. நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை ஆறு பெட்டி ரயில் விட்டாலும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு பெட்டி ரயில் விட்டாலும் மணிக்கு 60 பெட்டிகள்தான் ஓடும். ஆனால் நடைமேடையின் நீளம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நிலையம் சிறுத்தால் செலவும் குறையும், இடிக்கும் வீடுகளும் குறையும். கோபன்ஹேகன் 2002-ல் மூன்று பெட்டி ஓட்டுநரில்லா ரயிலோடுதான் தொடங்கியது. லில் வட்டாரத்தின் மக்கள்தொகை அன்று ஏறக்குறைய பத்து லட்சம். நம் அமைச்சகத்திடம் போயிருந்தால் அந்தக் கோப்பும் திரும்பித்தான் வந்திருக்கும்.

கோவைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கணபதியிலோ பீளமேட்டிலோ மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்றால் போதும். கடைக்காரர் எரிந்துபோன பம்ப் மோட்டாரைப் பிரித்து, அதன் சுழலாத பகுதியான ஸ்டேட்டரை மடியருகே சாய்த்து வைத்திருப்பார். பள்ளம் பள்ளமாகக் காப்புத் தாள் செருகி, செம்புக் கம்பிச் சுற்றுகளை விரலால் அமுக்கி இறக்கி, மேலே மூங்கில் சிம்பைத் தட்டி இறுக்குவார். கடை முழுக்க வார்னிஷ் வாடை. அந்த வட்டமான ஸ்டேட்டரை ஓரிடத்தில் அறுத்துப் பாய் போல விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுழல வேண்டிய விசை இப்போது நேர்கோட்டில் தள்ளும். விரித்த ஸ்டேட்டரை ரயிலின் அடியிலும், சுழலும் பகுதியான ரோட்டாருக்குப் பதிலாக ஓர் அலுமினியத் தகட்டைத் தண்டவாளங்களுக்கு நடுவிலும் வைத்தால் ரயில் ஓடும். அதுதான் நேரியல் மோட்டார்.

வான்கூவரில் 1985-லிருந்து இந்த மோட்டாரில், ஓட்டுநர் இல்லாமல், நகர ரயில் ஓடுகிறது. 1986 கணக்கெடுப்பில் அந்தப் பெருநகரப் பகுதி முழுவதற்குமே மக்கள்தொகை 14 லட்சத்தை எட்டவில்லை. ஒசாகாவில் 1990-லும் டோக்கியோவில் 1991-லும் இதை வைத்துச் சிறிய சுரங்க ரயில்களை விட்டார்கள். தட்டை மோட்டார் என்பதால் பெட்டியின் தளம் தாழ்கிறது, சுரங்கம் குறுகுகிறது. சக்கரம் எடையைத் தாங்கினால் போதும், தள்ளும் வேலை அதற்கில்லை. அதனால் செங்குத்தான ஏற்றத்தில் வழுக்காது. நெருக்கமான வளைவிலும் திரும்பும். உக்கடத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையே உள்ள பழைய நகரத்தை நினைத்தால், இந்த இரண்டு குணங்களின் அருமை விளங்கும்.

குறையும் உண்டு. பம்ப் மோட்டாரில் ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். ரயிலில் தகட்டுக்கும் மோட்டாருக்கும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விட்டாக வேண்டும். அந்த இடைவெளி மின்சாரத்தைத் தின்னும். வழக்கமான மோட்டாரைவிட மின் செலவு கூடும். தின்னும் மின்சாரம் பெரிதா, மிச்சமாகும் கட்டுமானச் செலவு பெரிதா என்பதைச் செய்துபார்த்துத்தான் சொல்ல முடியும். செய்துபார்க்க இதைவிடத் தகுந்த ஊர் நாட்டில் எது? இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவதை ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து 1937-ல் உருவாக்கியது இங்கேதான். வார்ப்பாலைகள், லேத் பட்டறைகள், பம்ப் தொழில், நூற்பாலை இயந்திரம் செய்துகொண்டே விமானப் பாகங்களுக்கும் போய்விட்ட எல்.எம்.டபிள்யூ. நிறுவனம், பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. கல்லூரிகள் எல்லாம் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன.

‘புதுமை என்ற பெயரில் ஏமாந்தது போதாதா?’ என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. மும்பை மோனோரயில் 2014-ல் ஓடத் தொடங்கியது. மலேசிய நிறுவனத்தின் ரயில். 2017-ல் பெட்டிகள் தீப்பிடித்தன. உதிரிபாகம் கிடைக்காமல் ரயில்கள் முடங்கின. 2018-ல் ஒப்பந்தமே ரத்தானது. 2025 ஆகஸ்ட் மழையில் பயணிகளோடு நடுவானில் நின்றது. மறுமாதம் சேவையே நிறுத்தப்பட்டது. கொங்கண் ரயில்வேயின் ஸ்கைபஸ் 2004-ல் மட்காவ் சோதனை ஓட்டத்தில் ஓர் உயிரைப் பறித்து, பின்னர் கைவிடப்பட்டது. ஒன்றிய அரசே 2019-ல் மெட்ரோலைட், 2020-ல் மெட்ரோ நியோ என்று சிறு நகரங்களுக்கான வரையறைகளை வெளியிட்டது. நாசிக்கின் நியோ 2021 பட்ஜெட் உரையிலேயே இடம்பெற்றது; இன்றுவரை ஓடவில்லை.

மோனோரயிலின் கதையில் ரயில் புதிது என்பது பெரிய குற்றமல்ல. அதைச் செய்தவர் தொலைவில் இருந்தார். பழுது பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. நியோவுக்குக் காகிதத்தில் அளவுகள் இருந்தன. செய்து காட்ட ஒரு பட்டறை இல்லை. ஆகவே கோவை கேட்க வேண்டியது ரயிலோடு அந்த ரயிலின் வரைபடத்தையும்தான். பழுதானால் கணபதிக்காரர் கழற்றிப் பார்க்கக்கூடிய ரயிலாக அது இருக்க வேண்டும். கொஞ்சம் மிகைதான், பாதுகாப்புச் சான்றில்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட முடியாது என்பது நமக்குத் தெரியும். புதிய வடிவமைப்பு என்றால் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் சோதனை ஓட்டம், மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் ஒப்புதல் எல்லாம் தாண்டியாக வேண்டும். தாண்டத்தான் ஒரு சோதனைத் தடம் கேட்கிறோம்.

கொங்கு முழுவதையும் இணைக்கும் ரயில் வேறு சங்கதி. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் 185 கி.மீ. மண்டல விரைவு ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு செய்வதாக மாநில பட்ஜெட் 2025-ல் அறிவித்தது. அதற்குப் பெரிய, வேகமான ரயில் வேண்டும், பெரம்பூர் ரயில்பெட்டி ஆலையான ஐ.சி.எஃப். அந்த வகை ரயிலை ஏற்கெனவே செய்து குஜராத்துக்கு அனுப்பிவிட்டது. இரண்டையும் ஒரே மேடையில் குழப்பிப் பேசுவதால்தான் ஊருக்குள் ஓட வேண்டிய ரயிலும் பெரிதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

பெரம்பூரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1984-ல் கொல்கத்தாவில் ஓடிய நாட்டின் முதல் மெட்ரோவுக்குப் பெட்டி கட்டியது அந்த ஆலைதான். பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற ‘டிரெய்ன் 18’-ஐ ஏறக்குறைய 18 மாதங்களில், சுமார் 100 கோடி ரூபாயில் வடிவமைத்து வெளியே விட்டதும் அதுதான். அந்த ஆலை, சென்னை மெட்ரோ நிறுவனம், கோவைக் கல்லூரிகள், தொழிலமைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, இரண்டு பெட்டி மாதிரி ரயிலும் ஒரு கிலோமீட்டர் சோதனைத் தடமும் கோவையில் உருவாக்க மாநில அரசு ஆணையிட வேண்டும். மதுரை, திருச்சி, சேலம் என்று அதே குறுகிய தெருக்களோடு காத்திருக்கும் ஊர்கள் பல. திட்ட மதிப்பீடான 10,740 கோடியில் ஒரு விழுக்காடு 107 கோடி. திருத்திய அறிக்கை டெல்லிக்குப் போகும் முன் அந்தத் தொகையை இந்த ஆண்டே ஒதுக்கட்டும்.