வாத்தியாருக்கு யார் மார்க் போடுவது?

உங்கள் வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: ''உங்க காலேஜ்ல யார் நல்லா நடத்துறாங்க?'' யோசிக்காமல் பதில் வரும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் கல்லூரி நிர்வாகத்துக்கு மட்டும் தெரிவதே இல்லை!

நான் பி.காம். படித்தபோது அக்கவுன்டன்ஸிக்கு இரண்டு பேர். ஒருவர், ஓரம் கிழிந்த பழைய நோட்டைப் பிரித்து கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட டிக்டேட் செய்வார். இன்னொருவர், கேன்டீன் வரவு செலவை போர்டில் எழுதி, ''லாபம்னு காட்டுது... கல்லாவுல ஏன்டா காசு இல்ல?'' என்பார். எல்லாம் கடன் பாக்கி என்று நாங்களே கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டால், தப்பு எந்த வரியில் என்று சுழித்துக் கொடுப்பார். இன்றைக்கு ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பயமில்லாமல் புரட்டுகிறேன் என்றால், அவர் புண்ணியம்.

''பசங்களுக்கு என்ன சார் தெரியும்? ஜோக் சொல்ற வாத்தியாரைத்தான் பிடிக்கும்'' என்பார்கள். 1970-ல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று மேடையேற்றி, சரக்கே இல்லாத பேச்சைச் சுவாரஸ்யமாகப் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் பாராட்டினார்கள். ஆனால், அப்படி ஏமாந்தவர்கள் மாணவர்கள் இல்லை... மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும்! அதுவும் ஒரே ஒரு சொற்பொழிவில். செமஸ்டர் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இந்த வித்தை எத்தனை நாள் செல்லும்?

அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தயார் செய்துகொண்டு வாங்க. சந்தேகம் கேட்டா கிண்டல் பண்ணாதீங்க. பேப்பரைத் திருத்தும்போது தப்பு எங்கேன்னு சொல்லுங்க.

கல்லூரிகளை மதிப்பிடும் 'நாக்' அமைப்பு, 2017-ல் மாணவர் கருத்துக்கணிப்பையும் மதிப்பீட்டில் சேர்த்தது. நல்ல விஷயம். ஆனால், கல்லூரிக்குள் வாங்கும் கருத்துப் படிவம்? வாத்தியாரே கொடுத்து, வாத்தியாரே வாங்கி அடுக்கினால், இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றி யார் உண்மையை எழுதுவார்கள்?

பெயரில்லாமல் எழுதவிடுங்கள். செமஸ்டர் நடுவிலேயே கேளுங்கள். முடிந்தபிறகு கேட்டால் எழுதியவருக்கு என்ன பிரயோஜனம்? எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று வகுப்பிலேயே சொல்லுங்கள்.

ஃபீஸ் கட்டுகிற பெற்றோர்களே, அடுத்தமுறை கல்லூரிக்குக் கூப்பிட்டால் உங்கள் பிள்ளையின் அட்டெண்டன்ஸை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். அந்தப் படிவங்கள் என்ன ஆயின என்றும் கேளுங்கள்!