மூன்றெழுத்துச் சொல்லுக்கு அறுநூறு அர்த்தம்

ஆங்கிலத்தில் கஷ்டமான சொல் எது என்று கல்லூரி மாணவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வாய்க்குள் நுழையாத, பத்துப் பன்னிரண்டு எழுத்துச் சொல் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஜிஆர்இ எழுதப் போகிறவர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதும் அப்படிப்பட்ட சொற்களைத்தான். ஆனால் அந்த நீளமான சொற்கள் எல்லாம் ரொம்ப சாது! பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு அர்த்தம்தான். ஒரு தடவை படித்து வைத்தால் போதும். வம்பு பண்ணுவதெல்லாம் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள்தான்.

'ரன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும், ஓடு என்று அர்த்தம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத, அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் என்று 2011-இல் செய்தி வந்தது. அதற்கு முன்பு முதலிடத்தில் இருந்தது 'செட்'. அதுவும் மூன்றெழுத்துதான்!

ஏன் இப்படி? வயதுதான் காரணம். ஆங்கிலத்தின் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு வழியாகப் பின்னால் வந்து சேர்ந்தவை. படித்தவர்கள் கொண்டு வந்து புத்தகத்தில் வைத்தவை. குட்டிச் சொற்களில் பல அதற்கும் முந்தையவை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அடுப்படியிலும் வயலிலும் சந்தையிலும் புழங்கியவை. அவ்வளவு காலம் அத்தனை பேர் வாயில் கிடந்த சொல் தேயாமல் இருக்குமா? தேயும், வளையும், சில சமயம் தலைகீழாகவே மாறிவிடும். ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறதே, அந்த மாதிரி.

'லெட்' என்றால் அனுமதி கொடு என்று அர்த்தம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இதே ஓசைக்கு அருகில் இன்னொரு சொல்லும் இருந்தது. அதற்கு அர்த்தம் தடை செய்! நாளடைவில் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. தடை என்ற பொருள் வழக்கொழிந்து போனாலும் சில இடங்களில் இன்னும் ஒளிந்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்ளே, இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடவும் என்று குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும். அங்கே வரும் 'லெட்' இந்தத் தடைதான். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இதே பொருளில் வருகிறது. இன்றைய அர்த்தத்தை வைத்துக்கொண்டு படித்தால் அந்த வசனம் நேர் எதிராகப் புரியும்.

அதே பைபிளின் முதல் அதிகாரத்தில், விதை தரும் செடிகளும் பழ மரங்களும் மனிதனுக்கு 'மீட்' ஆக இருக்கும் என்று வருகிறது. செடி எப்படி இறைச்சி ஆகும் என்று குழம்ப வேண்டாம். அன்று அந்தச் சொல்லுக்குப் பொதுவாக உணவு என்று பொருள். 'டியர்' என்றால் இன்று மான். பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கும் அதுதான். 'கார்ன்' கதை இன்னும் வேடிக்கை. அடிப்படையில் தானியம் என்று பொருள். இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், அமெரிக்காவில் மக்காச்சோளம்... எந்த ஊரில் எது முக்கியப் பயிரோ அதுவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1815-இல் பிரிட்டன் கொண்டுவந்து 1846-இல் ரத்து செய்த தானியச் சட்டங்களுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். மக்காச்சோளம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வரலாறே புரியாது.

காலம் மாறினால் மட்டுமல்ல, ஊர் மாறினாலும் இதே கதைதான். யார்க் நகரத்தில் 'கேட்' என்று முடியும் பெயர்கள் ஏராளம். ஸ்டோன்கேட், காப்பர்கேட், மிக்கிள்கேட். எதுவும் வாசல் இல்லை, எல்லாம் தெருக்கள்! 866-இல் அந்த ஊரைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழியில் தெருவுக்கு 'காட்டா' என்று பெயர். அப்படியானால் கோட்டை வாசலை என்னவென்று சொல்வார்கள்? 'பார்'. மிக்கிள்கேட் பார் என்று கேள்விப்பட்டு யாராவது மதுக்கடை தேடிப் போனால், அங்கே ஒரு பழைய கோட்டை வாசல்தான் நிற்கும்.

அதே யார்க்‌ஷயரில் 'வைல்' என்றால் 'வரை' என்று அர்த்தம். ஒன்பது மணியிலிருந்து ஐந்து வரை வேலை என்பதற்கு ஒன்பது 'வைல்' ஐந்து என்பார்கள். லண்டன்காரர் காதுக்கு இது தப்பு. ஆனால் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்திலும் இந்தச் சொல் இதே பொருளில் வருகிறது. 'ஸ்டார்வ்' என்றால் பட்டினி கிடப்பது என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அதன் பழைய பொருள் சாவது. வட இங்கிலாந்தில் அது குளிரில் விறைப்பதையும் குறித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டவரும் அங்கே 'ஸ்டார்வ்' ஆகலாம்!

இதெல்லாம் வெறும் சுவாரஸ்யத் துணுக்குகள் என்று நினைத்தால் அது சரியல்ல. இதன் பின்னால் மானப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. 2013-இல் மிடில்ஸ்பரோவில் ஒரு தொடக்கப் பள்ளி, குழந்தைகள் வீட்டில் பேசும் சில சொற்களைத் திருத்தும்படி பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியது. அந்தப் பட்டியலில் 'நவுட்' என்ற சொல்லும் இருந்தது. ஒன்றுமில்லை என்று அர்த்தம். அது சோம்பேறித்தனத்தால் சிதைந்த சொல் இல்லை. பழைய ஆங்கிலத்திலிருந்து நேராக இறங்கி வந்த, நல்ல பரம்பரை உள்ள சொல். பள்ளியின் கவலையிலும் நியாயம் உண்டு. தேர்வும் வேலையும் பொது ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, அதைச் சொல்லித் தராமல் விட்டால் நஷ்டம் குழந்தைக்குத்தான். ஆனால் 'இந்த இடத்தில் இப்படிச் சொல்' என்பது வேறு, 'உன் அம்மா பேசுவது தப்பு' என்பது வேறு. முதலாவது பாடம். இரண்டாவது அவமானம்.

இந்த வித்தியாசத்தை வாழ்க்கையிலேயே காட்டிய ஒருவர் உண்டு. ஜோசப் ரைட், 1855-இல் யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கழுதை வண்டி ஓட்டினார். பிறகு கம்பளி ஆலையில் வேலை. பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அதன்பின் தானாகப் படித்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். பின்னாளில் பெரிய எழுத்தாளரான டோல்கீன் அவருடைய மாணவர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனதும் ஊர்ப் பேச்சை மூட்டை கட்டி வைத்தாரா? இல்லை. 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் பேசிய சொற்கள் எந்த ஊரில் என்ன பொருளில் வழங்கின என்று சான்றுகளோடு பதிவு செய்தார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கியதைப் பாடமாக ஆக்கிக் காட்டினார்.

அதனால் அடுத்த முறை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலோ, வெளியூர்க்காரர் பேச்சிலோ ஒரு குட்டிச் சொல் பொருந்தாத இடத்தில் வந்து நின்றால், 'தப்பு' என்று சிவப்பு மையைத் திறப்பதற்கு முன் அகராதியைத் திறக்கலாம். முதல் பொருளோடு நிறுத்தாமல் நாலாவது, ஐந்தாவது பொருள் வரை படிக்கலாம். அந்தச் சொல்லைச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்பதற்கு நிறையவே வாய்ப்பு இருக்கிறது.